பெட்டி போய்ச் சேர்ந்ததோ?

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நூற்றாண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதற்கு அவசரமில்லை. மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாந்தரமும் பாயாசம் வாங்கியவர்கள் தாங்களாகவே என்னிடம் வருவார்கள். நான் இன்று பேச வந்தது பார்சலைப் பற்றி.

சங்கத்தின் நூற்றாண்டு வேலைத்திட்டத்தை நீங்கள் எல்லோரும் வாசித்திருப்பீர்கள். எமது ஊர்ப் பெண்கள் செய்யும் பனையோலைப் பொருட்களை இணையச் சந்தைகளில் போட்டு வெளிநாடுகளில் விற்பது என்பது அதில் ஒன்று. நல்ல திட்டம். என் முழு ஆதரவும் அதற்கு உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: "பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பொறுப்பை இணையச் சந்தையின் சர்வதேச அனுப்புதல் திட்டமே ஏற்றுக்கொள்ளும்." அந்த ஒரு வரிக்காகத்தான் இங்கிலாந்திலிருந்து வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன். அந்த வரியை நம்பி நான் ஒருமுறை ஒரு தவறு செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1993ஆம் ஆண்டு. ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலம். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் எங்களுக்கு இருந்த வழி கிளாலிக் கடல். இரவில் வள்ளத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள் பலர் கொடிகாமத்தால்தான் ஊர்களுக்குப் போனார்கள். ஜேர்மனியில் இருந்த என் மாமா எனக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு கொம்பாஸ் பெட்டியும் அனுப்பினார். அது கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் கிடந்து, வவுனியாவில் ஒருவரின் கைக்கு மாறி, கிளாலியால் வந்து, எங்கள் வீட்டுப் படலைக்கு வர நாலு மாதம் எடுத்தது. அதற்குள் என் கால் வளர்ந்துவிட்டது. சப்பாத்து தங்கச்சிக்குப் போயிற்று.

ஆனால் அந்த நாலு மாதமும் அந்தப் பார்சல் ஆருடைய கையில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். "இப்ப வவுனியாவிலை இன்னார் வீட்டிலை இருக்கு" என்று சொல்லுவா. பாதை இல்லை, தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. இருந்தும் பார்சலுக்குப் பொறுப்பாக ஒரு ஆள் இருந்தார். இன்று பார்சலின் ஒவ்வொரு அசைவும் கைத்தொலைபேசியில் தெரிகிறது. அதற்கு ஆர் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் பதில் கிடைக்காது. அப்படியான ஒரு ஏற்பாட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இந்தச் சர்வதேச அனுப்புதல் திட்டம் என்பது என்ன? இணையச் சந்தையில் விற்கும் சிறு வியாபாரி ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து ஓடர் வருகிறது. சுங்கப் படிவம், வரி, விமானக் கட்டணம் என்றவுடன் அவர் பயந்துவிடுவார். "நீங்கள் பயப்பட வேண்டாம். உங்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கும் எங்கள் நடுநிலையத்துக்குப் பொதியை அனுப்புங்கள். மிச்சம் எங்கள் வேலை" என்கிறது சந்தை. ஈபே நிறுவனம் பிட்னி போவ்ஸ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து 2012இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரித்தானியாவிலும் இப்படி ஒரு திட்டத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் விற்பவர்கள் கென்டக்கி மாநிலத்தில் உள்ள ஏர்லாங்கர் என்ற ஊரின் நிலையத்துக்குப் பொதியை அனுப்பினார்கள். அங்கிருந்து அது உலகமெங்கும் போனது. பின்னர் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. வேறு தளங்களும் தத்தமது வழியில் இதையே செய்கின்றன. சீனாவிலிருந்து பொருள் விற்கும் டெமு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் முழுப் பொறுப்பு முறையில் வியாபாரி பொருளைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. வாங்குபவர் என்ன விலை கொடுப்பார் என்பதைக்கூடத் தளம்தான் தீர்மானிக்கும்.

கொடிகாமத்தில் இருந்து நேரடியாக இந்தத் திட்டங்களில் சேருவது லேசான காரியமல்ல. நான் சொன்ன ஈபே திட்டம் அந்தந்த நாட்டில் இருந்து விற்பவர்களுக்காக அமைந்தது. பேபால் மூலம் இலங்கையில் இருந்து பணம் கட்டலாம், வெளியிலிருந்து பணம் பெற முடியாது என்ற நிலையும் பல வருடங்களாக இருந்துவந்தது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்ற ஒருவர்தான் கணக்கைத் திறந்து "விற்பவர்" ஆக நிற்கவேண்டி வருகிறது. நானும் அப்படித்தான் நின்றேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி. பெயர் சொல்லவில்லை. அவளை உங்களில் பலருக்குத் தெரியும். கைப்பணிப் பாடத்தில் சார்வோலையை வார்ந்து சாயம் போட்டு இழைக்கத் தந்தால், மணி அடிக்கமுன்னம் அவள் ஒரு பெட்டியை முடித்துவிடுவாள். என்னுடையதைப் பார்த்து ரீச்சர், "இது என்ன பிள்ளை, குருவிக்கூடோ?" என்று கேட்டவ. அந்த ரீச்சர் இன்று இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறா.

நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அவளுடைய வாழ்க்கை வேறு திசையில் போனது. 2009க்குப் பிறகு இரண்டு பிள்ளைகளுடன் தனியாக ஊருக்குத் திரும்பி, திரும்பவும் ஓலையைக் கையில் எடுத்தாள். 2016இல் நான் வந்தபோது அவளுடைய முற்றத்தில் மூடிப் பெட்டிகளும் நீத்துப்பெட்டிகளும் சுளகுகளும் காய்ந்துகொண்டிருந்தன. என் சூட்கேசில் இருந்த உடுப்பை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போனேன். இங்கிலாந்தில் ஒரு இணையச் சந்தையில் படம் எடுத்துப் போட்டேன். எந்தச் சந்தை என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. மூன்று கிழமையில் எல்லாம் விற்றுவிட்டது. அதன்பிறகு ஊருக்கு வந்துபோகும் ஆட்களிடம் கொடுத்துவிட்டும் தபாலிலும் அவள் அனுப்ப, நான் விற்று வந்தேன்.

2018இல் கனடாவிலிருந்து ஒரு ஓடர் வந்தது. எமது பாடசாலையிலேயே எனக்கு மூத்த வகுப்பில் படித்த ஒரு அக்கா. மகளின் கல்யாணத்துக்கு, பலகாரம் வைத்துக் கொடுக்க இருபத்துநாலு மூடிப் பெட்டிகள் கேட்டா. மூடியில் மணமக்களின் பெயர்களின் முதலெழுத்து இரண்டையும் சிவப்பு ஓலையில் இழைத்துத் தரமுடியுமோ என்றும் கேட்டா. தோழி இரண்டு மாதம் இருந்து இழைத்தாள். "இருநூறு சனம் வாற கல்யாணம். பாக்கிற ஆக்களும் கேப்பினம் என்ன?" என்று சொல்லி, அடுத்த ஓடருக்கும் சேர்த்துக் கடனுக்கு ஓலை வாங்கிப் போட்டாள். பெட்டிகளுக்குள் வைக்க ஒரு சிறு தாளும் எழுதி அனுப்பினாள். இழைத்த ஊரின் பெயரும், எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரும், "மணமக்கள் நீடு வாழ்க" என்பதும்.

நான் அவற்றை இங்கிலாந்தில் பொதி செய்து, தளம் சொன்னபடி அதன் நடுநிலையத்துக்கு அனுப்பினேன். பொதியின் மேல் எழுதியது அக்காவின் விலாசம் அல்ல; நிலையத்தின் விலாசமும் ஒரு நீண்ட எண்ணும். அனுப்புதல் திட்டம் என் கணக்கில் முன்னரே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் நிபந்தனைகளை நான் வாசிக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளிக்கு ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்திச் சம்மதக் கையொப்பம் வாங்கிப் பழகியவள் நான். என் சம்மதத்தை வாசிக்காமலே கொடுத்தேன்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு வரியில் தகவல் வந்தது. இந்தப் பொருளை மேற்கொண்டு அனுப்ப முடியாது. அவ்வளவுதான். ஏன் என்று கேட்டு எழுதினேன். விதிகளின் இணைப்பு ஒன்றை அனுப்பினார்கள். அக்காவுக்கு அவ கட்டிய காசு முழுவதும் திரும்பிப் போயிற்று. எனக்கும் விற்ற காசு குறையாமல் கிடைத்தது. பெட்டிகளை எனக்குத் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவை நானே கட்டுகிறேன் என்றேன். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். எல்லோருக்கும் காசு வந்தது. பெட்டிதான் ஒருவருக்கும் வரவில்லை.

கல்யாணம் நடந்து முடிந்தது. பலகாரம் கடையில் வாங்கிய காகிதப் பெட்டியில் போயிற்று. தோழி தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டாள்: "பெட்டி போய்ச் சேர்ந்ததோ? அவையளுக்குப் பிடிச்சுதோ?" நான் ஓம் என்றேன். அவளுக்குரிய காசைக் கொடுத்தேன். அடுத்த ஓடர் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கடனுக்கு வாங்கிய ஓலை மழைக்குப் பூஞ்சணம் பிடித்தது என்று பிறகு வேறொருவர் மூலம் அறிந்தேன்.

எனக்கு நட்டம் வராதபடியால் இதை நான் நெடுநாள் ஒரு பெரிய விஷயமாக எண்ணவில்லை. பிறகுதான் விளங்கியது. காசைப் பாதுகாக்க அமைந்த திட்டம் அது. காசைப் பாதுகாத்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது வேறொன்று. ஆகவே அதன் குறைகளை ஒவ்வொன்றாக, எங்கள் திட்டத்துக்குப் பயன்படும்படி சொல்கிறேன்.

முதலாவது, விலை. திட்டத்தின் கீழ் வாங்குபவர் பொருளின் விலை, தபால் கட்டணம், இறக்குமதிக் கட்டணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டவேண்டும். அதில் வரி எவ்வளவு, கையாளும் கூலி எவ்வளவு என்று சாதாரண ஆளால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒருவர் ஒரே கடையில் மூன்று பொருள் வாங்கினால், ஒரே பெட்டியில் போட்டு ஒரு கட்டணத்தோடு அனுப்ப எங்களுக்கு விருப்பம் இருக்கும். பல சந்தர்ப்பங்களில் திட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போடும். வாங்குபவர் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து, "எங்கடை ஊர்ச் சாமானுக்கு இவ்வளவு விலையோ" என்று எங்களைத்தான் நினைப்பார். எங்கள் சந்தைகளில் மரக்கறிக்குக் கழிவு எடுப்பதைப் பற்றி விவசாயிகள் எவ்வளவு காலமாகக் கத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அங்கே கழிவு எடுக்கும் ஆள் கண்முன்னே நிற்கிறார், சண்டை பிடிக்கலாம். இங்கே சண்டை பிடிக்க ஆளில்லை.

இரண்டாவது, பருமன். பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பொதியின் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரித்து வரும் தொகையையும் கிலோவாக எடுத்து, இரண்டில் எது கூடவோ அதற்குக் கட்டணம் எடுக்கின்றன. 50 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரமான கடதாசிப் பெட்டியைக் கணக்குப் பாருங்கள். 12 கிலோ வரும். அதற்குள் இருக்கும் ஓலைப் பெட்டிகள் மூன்று கிலோவும் இராது. ஓலைச் சாமான் காற்றைச் சுமந்துகொண்டு போகும் சாமான். அந்தக் காற்றுக்கும் நாங்கள் காசு கட்டுகிறோம்.

மூன்றாவது, பொருள் என்ன என்பதைத் தீர்மானிப்பது ஆர் என்பது. நாங்கள் போடும் தலைப்பையும் விபரத்தையும் வைத்துத்தான் பொருள் வகைப்படுத்தப்படுகிறது. பனையோலை என்றவுடன் அது செடியா, விதையா, உணவா, கைப்பணியா என்ற சந்தேகம் வந்தால், ஆராய்வதைவிட நிறுத்திவிடுவது அவர்களுக்குச் சுலபம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தாவரப் பொருட்களில் பூச்சி, மண், விதை இருக்கிறதா என்று கடுமையாகப் பார்ப்பவை. அது நியாயமானது. ஆனால் அந்த நாட்டுச் சுங்க அதிகாரி பார்ப்பதற்கு முன்னரே நடுநிலையத்தில் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், எங்கள் பக்கத்து விளக்கத்தைக் கேட்க எவரும் இல்லை.

நான்காவது, திறந்து மாற்றிக் கட்டுவது. நிலையத்தில் பொதியைத் திறந்து பரிசோதிக்கவும் வேறு பெட்டியில் போடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் ஓலை நெரியாமல் அடைந்த முறை, உள்ளே வைத்த கடிதம், வாழ்த்து, அவை அப்படியே போகும் என்று ஒருவரும் உறுதி தருவதில்லை. கண்ணாடிச் சாமானுக்கு உடைவு நட்டம். எங்களுக்கு அந்தச் சிறு தாள் தொலைந்தாலே நட்டம்.

ஐந்தாவது, இதுதான் என்னைச் சுட்டது: திரும்பி வராமை. நிறுத்தப்பட்ட பொருளும், வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பிய பொருளும் பல திட்டங்களில் விற்பவரிடம் வருவதில்லை. காசு விற்பவரிடமே இருக்கும். பொருளைத் திட்டம் எடுத்து, விற்கும் அல்லது கழிக்கும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யும் சாமானுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. இரண்டு மாதம் இருந்து, ஒரு கல்யாணத்துக்கென்று எழுத்து இழைத்த பெட்டிக்கு இது பொருந்தாது.

ஆறாவது, உறவு அறுந்துபோவது. சின்ன வைத்தியசாலையில் இருந்து ஒரு நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்போது கையில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவோம். அவர் சுகமாகி வீடு போகும்போது நோய் நிர்ணய அட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுவார். என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும்; அடுத்த நோயாளிக்கு அது உதவும். இந்தத் திட்டத்தில் கடிதம் போகும், அட்டை வராது. ஆர் வாங்கினார், எப்படிப் போய்ச் சேர்ந்தது, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பது இழைத்தவளுக்குத் தெரியாமலே போய்விடும். கைப்பணியில் அடுத்த பெட்டியைத் திருத்துவது அந்தத் தகவல்தான்.

ஏழாவது, விதிகள் எங்கள் கையில் இல்லாமை. இது திட்டத்தின் குறை மட்டுமல்ல, உலக வியாபாரத்தின் இன்றைய நிலை. அவுஸ்திரேலியா 2018 யூலை முதல் 1000 அவுஸ்திரேலிய டொலர் வரையான சிறு இறக்குமதிகளுக்கும் வரி சேர்த்தது. பிரித்தானியா 2021 தொடக்கத்தில் சிறு பொதிகளுக்கு இருந்த 15 பவுண் சலுகையை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடம் யூலையில் 22 யூரோ சலுகையை எடுத்தது. 800 டொலர் வரையான பொதிகளுக்கு அமெரிக்காவில் இருந்த தீர்வை விலக்கு எல்லா நாடுகளுக்கும் 2025 ஓகஸ்ட் 29ஆம் திகதி முடிவுக்கு வந்தது. வரியை எப்படி அறவிடுவது என்று தெரியாமல் இந்தியா உட்படப் பல நாடுகளின் தபால் சேவைகள் அமெரிக்காவுக்கான பொதிகளைச் சில காலம் நிறுத்தியும் வைத்தன. இப்படியான நேரங்களில் ஒரே ஒரு வாசலை நம்பி இருப்பவர் அந்த வாசலிலேயே நின்றுவிடுவார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது வைத்தியத் தொழிலுக்கு அழகல்ல. நன்மையும் உண்டு. பொதி நடுநிலையத்தை அடைந்த பின் தொலைந்தாலோ உடைந்தாலோ பொறுப்பு விற்பவருடையதல்ல. தபாலால் வந்த கோளாறுக்காக விற்பவருக்குக் கிடைக்கும் கெட்ட மதிப்பீட்டைப் பல தளங்கள் நீக்கிவிடுகின்றன. வாங்குபவரின் வீட்டு வாசலில் தபாற்காரர் வந்து திடீரென வரி கேட்கமாட்டார். தனியே வேலை செய்யும் ஒருவருக்கு இவை சிறிய உதவிகள் அல்ல. பத்து ஒரேமாதிரிச் சுளகு விற்பதென்றால் நானும் இன்று அந்தத் திட்டத்தைப் பாவிப்பேன். ஒரு மருந்து கெட்டதில்லை. எந்த நோயாளிக்கு, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆகவே சங்கத்திடம் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று. இணையச் சந்தையைக் கண்ணாடி அலுமாரியாகப் பாவிப்போம். பலர் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கணக்குத் திறந்தவுடன் அனுப்புதல் திட்டம் தானாக இயங்குகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பெயரோ எழுத்தோ இழைத்துச் செய்யும் ஓடர்களுக்கு அதை நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டு. எங்களுக்கு நடுநிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ரொறன்ரோவில், இலண்டனில், மெல்பேணில், பாரிசில் எங்கள் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரே பெரிய பொதியாக, முறைப்படி தீர்வை கட்டி இறக்கி, அங்கிருந்து உள்நாட்டுத் தபாலில் அனுப்பலாம். பெட்டி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு அக்கா இருப்பா. ஆனால் அந்த அக்காவின் நேரத்தை இலவசம் என்று எண்ணவேண்டாம். கணக்கு எழுதவேண்டும், அவவின் செலவைக் கொடுக்கவேண்டும். உறவை நம்பித் தொடங்கிய எத்தனையோ முயற்சிகள் கணக்கு எழுதாததால்தான் உறவோடு சேர்ந்து முறிந்தன.

மூன்று. இழைப்பவர்களோடு இருந்து அளவுகளைத் தீர்மானிப்போம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஐந்து அளவுப் பெட்டி செய்தால், ஐந்து பெட்டியும் ஒரு பெட்டியின் இடத்தில் போகும். 12 கிலோக் கணக்கு மூன்று கிலோவுக்கு இறங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எங்கள் பாட்டிமார் அடுக்குப் பெட்டி செய்தது சும்மா அல்ல. ஓலையை நன்றாகக் காயவைத்து, பூச்சியும் பூஞ்சணமும் இல்லாமல் அனுப்புவதும் இழைப்பவரின் கையில்தான் இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. சங்கமாகப் போய் அவர்களிடம் கேட்போம்.

நான்கு. உண்மையை எழுதுவோம். சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதி அனுப்புவது எங்களிடம் ஊறிப்போன பழக்கம். விற்ற பொருள் அன்பளிப்பு அல்ல. பிடிபட்டால் நட்டப்படுவது எங்கள் ஒரு பொதி மட்டுமல்ல, கொடிகாமத்தில் இருந்து வரும் அடுத்த பொதியும்தான். "உலர்ந்த பனையோலையால் கையால் இழைத்த பெட்டி" என்று தெளிவாக எழுதி, இழைத்த பொருட்களுக்குரிய 4602 என்ற சுங்கத் தலைப்பையும் போட்டால், பார்ப்பவருக்குச் சந்தேகம் குறையும்.

ஐந்து. உணவுப் பொருட்களை இப்போதைக்குத் தொடவேண்டாம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் அனுப்ப எல்லோருக்கும் ஆசை. ஆனால் அமெரிக்காவுக்கு விற்பனைக்காக உணவு அனுப்புவதென்றால் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். தயாரிக்கும் இடமும் பதிவில் இருக்கவேண்டும். மற்ற நாடுகளிலும் வேறு வேறு விதிகள். முதலில் ஓலையில் நடக்கப் பழகுவோம்.

ஆறு. இழைத்தவளுக்குக் காசு அவள் பெட்டியைக் கையளிக்கும் அன்றைக்கே கிடைக்கவேண்டும். அதைவிட முக்கியமாக, பெட்டிக்கு என்ன நடந்தது என்று ஒருவர் அவளுக்குச் சொல்லவேண்டும். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும். சங்கத்தில் அந்த வேலைக்கென்று ஒருவரை நியமியுங்கள். யாரும் முன்வராவிட்டால் என் பெயரை எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையை இந்த மேடையில் சொல்வதற்கு முன் சொல்லவேண்டிய இடம் வேறு ஒன்று இருந்தது. போன கிழமை தோழியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தாள். எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். நோயாளியின் வீட்டாருக்குக் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய எனக்கு, அன்று வாய் எழவில்லை. அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு, "அந்த எழுத்து ரெண்டும் வேறை ஆருக்கும் உதவாதே" என்றாள். சிறிது நேரம் கழித்து, "நீ அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்த ஓலையை நான் வாங்கியிருக்கமாட்டன்" என்றாள். கோபம் இல்லை. கணக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கணக்கில் என் பெயர் இருந்தது. நடுநிலையம் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால், நானும் சொல்லவில்லை.

கனடாவில் இருக்கும் அந்த அக்காவின் மகளுக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. விழாவுக்கு வரமுடியாத அக்கா என்னிடம் ஒரு ஓடரைத் தந்துவிட்டிருக்கிறா. ஒரு பெட்டி, மூடியில் மூன்று எழுத்து. தோழி இழைத்து முடித்துவிட்டாள். இந்த முறை அது எந்த நிலையத்துக்கும் போகவில்லை. ரொறன்ரோவில் இருந்து விழாவுக்கு வந்த ஒரு தங்கச்சியின் கைப்பையில் இருக்கிறது. விமான நிலையத்தில் சுங்கத்தில் என்ன சொல்லவேண்டும், படிவத்தில் என்ன எழுதவேண்டும் என்று அவவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் அவ தோழிக்கு நேரே தொலைபேசி எடுப்பா.

நூறு வருடமாக இந்தச் சங்கம் செய்துவந்தது இதைத்தானே. எங்கே போனாலும் ஆர் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. அந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டு விடைபெறுகிறேன்.